வலிப்பு நோய்க்கான கீட்டோஜெனிக் உணவுச் சிகிச்சைப் பிரிவு: ஒரு தாயின் மதிப்புரை

சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் நரம்பியல் துறையில், மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய கீட்டோஜெனிக் உணவின் வழியாக வலிப்பைக் கட்டுப்படுத்தும் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. என் மகன் அங்கே சிகிச்சை பெற்று வருகிறான். இதே நிலையில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி விசாரிப்பதால், அந்தப் பிரிவின் நிறைகளையும் குறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் உரியதன்று. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய 10 பேரில் 7 பேருக்கு மாத்திரைகளே போதுமானவை. பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காத பிள்ளைகளுக்கே பெரும்பாலும் இதைப் பரிந்துரைக்கிறார்கள்; மூளைக்குள் குளுக்கோஸ் போய்ச் சேர முடியாத குளுட்-1 குறைபாடு போன்ற சில நோய்களில் மட்டும் இதுவே முதல் சிகிச்சை. எடையைக் குறைக்கப் பலர் தாமாகவே தொடங்கும் பேலியோ, கீட்டோ உணவுமுறைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதை அங்குள்ள மருத்துவர் முதல் சந்திப்பிலேயே அழுத்தமாகச் சொல்லிவிட்டார். கொழுப்பை எரிபொருளாக மாற்ற இயலாத பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இந்த உணவைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இரத்தம், சிறுநீர், கொழுப்பு அளவு, சிறுநீரக ஸ்கேன் உள்ளிட்ட பரிசோதனைகளின் முடிவு வரும்வரை உணவை மாற்ற அவர் அனுமதிக்கவில்லை. அவசரப்பட்ட எங்களுக்கு அந்தக் காத்திருப்பு கடினமாகவே இருந்தது; ஆனால் அந்தப் பிரிவின் மேல் எனக்கு நம்பிக்கை பிறந்ததும் அதனால்தான்.

பட்டினி இருக்கும்போது வலிப்பு குறைவதை மருத்துவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்திருந்தார்கள். பட்டினி போடாமலேயே உடலை அந்த நிலைக்குக் கொண்டுவரும் உணவுமுறையை 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்தார். மாவுச்சத்து மிகவும் குறைந்து கொழுப்பு மிகும்போது கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்னும் மாற்று எரிபொருள்களை உண்டாக்குகிறது. குளுக்கோஸுக்குப் பதிலாக மூளை அவற்றைப் பயன்படுத்தத் தொடங்குகிறது. 1938இல் ஃபெனிடோயின் என்னும் வலிப்பு மருந்து வந்த பிறகு பின்தள்ளப்பட்ட இந்த முறை, 1990களில் மீண்டும் கவனம் பெற்றது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும், இதன் எளிமையான வடிவமான மாற்றியமைக்கப்பட்ட அட்கின்ஸ் உணவை மருந்துக்குக் கட்டுப்படாத பிள்ளைகளுக்குக் கொடுத்து, பலருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். என் மகனுக்குக் கொடுப்பதும் அந்த வடிவம்தான்.

இப்பிரிவின் உண்மையான பலம் அங்குள்ள உணவியல் நிபுணர். அவருடைய மேசையில் ஒரு டிஜிட்டல் தராசு இருக்கிறது. முட்டை, தேங்காய்த் துண்டு, பனீர், ஒரு கரண்டி சோறு என ஒவ்வொன்றாக என்னையே எடுத்து வைத்து எடை பார்க்கச் சொன்னார். நாளொன்றுக்கு 10 கிராம் மாவுச்சத்து மட்டுமே அனுமதி என்னும்போது, 100 கிராம் சோற்றில் மட்டும் ஏறக்குறைய 28 கிராம் இருக்கிறது என்பதை அந்தத் தராசுக்கு முன்னால் அமர்ந்து கேட்டபோதுதான் சிகிச்சையின் கடுமை எனக்கு முழுமையாக விளங்கியது. குழம்பில் கரையும் புளி, ரசத்தில் போடும் தக்காளி, பாட்டி கையில் கொடுக்கும் வெல்லக்கட்டி, கோயில் பிரசாதம் ஆகிய அனைத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். அதுவரை கொடுத்துவந்த வலிப்பு மருந்து, இருமல் மருந்து ஆகிய சிரப்புகளில் உள்ள சர்க்கரையும் கணக்கில் சேரும் என்று விளக்கி, மருத்துவரிடம் பேசி மாத்திரைக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். சிறுநீரில் நனைத்துக் கீட்டோன் அளவைப் பார்க்கும் பட்டை அடர்ந்த ஊதா நிறமாக மாறுவதைப் பார்த்து, நிறத்தைத் தேதியோடு குறித்துவைக்கும் பொறுப்பை என் மகனிடமே ஒப்படைத்தது இன்னொரு நல்ல யோசனை. தன்னுடைய சிகிச்சையில் தனக்கும் பங்குண்டு என்று அவன் உணர்வது இப்போது தெரிகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அச்சிட்டுத் தரும் உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவகாடோ, ப்ரோக்கோலி, சீஸ் வகைகள் என்று நிரம்பிய அந்தத் தாளை வைத்துக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு தாய் என்ன சமைக்க முடியும்? நெய், நல்லெண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை, மீன், கீரை ஆகியவற்றைக் கொண்டே இந்தக் கணக்கை நிறைவேற்ற முடியும் என்பதை நேரில் கேட்டபோதுதான் சொன்னார்கள். அதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய செலவன்று. அதைவிடக் கவலை தருவது, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியை எடுக்க யாரும் இல்லாதது. இந்த உணவில் இருக்கும் குழந்தைக்கு வாந்தியோ காய்ச்சலோ வந்தால் சர்க்கரை அளவு இறங்கவும் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடவும் வாய்ப்புண்டு. என் மகன் வாந்தியில் சுருண்டு கிடந்த ஓர் இரவில், சிகிச்சையைப் பற்றி அறியாத பணி மருத்துவரிடம் நானே அனைத்தையும் விளக்க வேண்டியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றுவது குறித்த குறிப்பு அடங்கிய அவசர அட்டை ஒன்றையாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் கொடுத்திருக்க வேண்டும்.

பலன் எப்படி என்று கேட்பவர்களுக்கு: என் மகனுக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. மாத்திரைகளும் தொடர்கின்றன, அவற்றை உணவு தொடங்கியதும் நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம். மலச்சிக்கல் தொடக்கத்தில் பெரும் தொல்லையாக இருந்தது. சிறுநீரகக் கல், வளர்ச்சி குன்றுதல், கொழுப்பு கூடுதல் ஆகியவற்றுக்காகக் குறித்த இடைவெளியில் பரிசோதிக்கிறார்கள். கால்சியமும் வைட்டமின்களும் தனியே தருகிறார்கள். மூன்று மாதங்களில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவதும், தெரிந்தால் சுமார் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து படிப்படியாகக் குறைப்பதும் பொதுவான வழக்கம்.

இப்பிரிவுக்குச் செல்ல விரும்புவோர், வலிப்பு வந்த நாள்களின் குறிப்பையும், கைப்பேசியில் எடுத்த வலிப்பின் காணொளியையும், இப்போது கொடுக்கும் மருந்துகள் அனைத்தையும் டப்பாக்களோடும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் சமைப்பவர் யாரோ அவரையும் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவசர நேரத்தில் என்ன செய்வது என்பதை மருத்துவரின் கையெழுத்தோடு எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.