கால்குலஸ் பிசியா, பிசிக்ஸ் சி-யா: இன்ஜினியரிங் போகிற பிள்ளைக்கு எந்த ஏபி?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில், அடுத்த வருஷத்துக்கு வகுப்பு தேர்ந்தெடுக்கிற நேரம் வந்தால் ஒரே பேச்சுதான்: எத்தனை ஏபி (பள்ளியிலேயே கல்லூரி மட்டத்தில் நடக்கிற வகுப்பு, முடிவில் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் தேர்வு) எடுக்கலாம்? தெரிந்தவர் மகன் பன்னிரண்டு எடுத்தானாம், நம்மவள் ஏழோடு நின்றால் போதுமா என்று ஆரம்பித்துவிடுவார்கள். இன்ஜினியரிங் சேர நினைக்கிறவர்களுக்கு இந்த எண்ணிக்கைக் கவலை பெரும்பாலும் வீண். கணிதத்திலும் இயற்பியலிலும் எந்த வகுப்பை எந்த வருஷம் எடுக்கிறோம் என்பதுதான் விஷயம், மற்றதெல்லாம் அப்புறம்.

கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யூசியின் கல்லூரிகளையே பாருங்கள். ஏபி, ஹானர்ஸ் வகுப்புகளுக்கு அவர்கள் ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரியில்) தரும் கூடுதல் புள்ளிக்கு எட்டு செமஸ்டர் என்று உச்சவரம்பு உண்டு, அதாவது வருஷம் முழுக்க நடக்கிற நான்கு வகுப்பு. அதற்கு மேல் எத்தனை அடுக்கினாலும் அந்த ஜிபிஏ ஏறாது. கடினமான வகுப்புகளை எடுத்திருக்கிறாளா என்று தனியாகவும் பார்ப்பார்கள்தான், ஆனால் அந்தப் பள்ளியில் என்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் பார்ப்பார்கள். பள்ளியில் இல்லாத வகுப்பை எடுக்கவில்லையே என்று யாரும் கேட்கப் போவதில்லை.

சரி, கணிதத்துக்கு வருவோம். கால்குலஸில் இரண்டு வகுப்பு, சின்னது ஏபி, பெரியது பிசி (இந்த ஏபி வெறும் பாடப்பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம், இனி சின்ன கால்குலஸ் என்றே சொல்கிறேன்). சின்னதில் உள்ள எட்டு யூனிட்டும் பிசியிலும் அப்படியே உண்டு. கூடவே முடிவிலித் தொடர்கள், போலார், பாராமெட்ரிக், இன்டெக்ரேஷனில் இன்னும் சில உத்திகள். கல்லூரிக் கணக்கில் சின்னது சுமார் ஒரு செமஸ்டர், பிசி இரண்டு. அதனால் இந்த வருஷம் சின்னது, அடுத்த வருஷம் பிசி என்று போனால் இரண்டாம் வருஷத்தில் பெரும்பகுதி படித்ததையே திரும்பப் படிப்பதாகிவிடும். கால்குலஸுக்கு முந்தைய வகுப்பான ப்ரீகால்குலஸ் நன்றாக வந்திருந்தால், பள்ளியும் அனுமதித்தால், நேராக பிசிக்கே போகலாம் என்பது என் கருத்து. பிசி தேர்வு எழுதினால் சின்ன கால்குலஸ் பகுதிக்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணும் வரும், தொடர்களில் சறுக்கினாலும் எல்லாம் போய்விடாது. அல்ஜீப்ராவிலேயே தடுமாறுகிற பிள்ளைக்கு மட்டும் சின்னதுதான் சரி. பிசியை அவசரமாக பத்தாவதிலேயே முடிக்க வைக்கிற பெற்றோரும் உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை. கால்குலஸில் விழுகிற பிள்ளைகளில் நிறைய பேர் விழுவது அல்ஜீப்ராவிலும் ட்ரிக்னாமெட்ரியிலும்தான்.

உண்மையான குழப்பம் இயற்பியலில். பிசிக்ஸ் 1, பிசிக்ஸ் 2, அப்புறம் பிசிக்ஸ் சி. கடைசியது ஒன்றல்ல, மெக்கானிக்ஸ் தனித் தேர்வு, மின்காந்தவியல் தனித் தேர்வு. 1-ம் 2-ம் அல்ஜீப்ராவோடு நிற்பவை, சி முழுக்க கால்குலஸ். காற்றின் தடையோடு விழுகிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், வேகம் ஏன் ஒரு கட்டத்துக்கு மேல் கூடாமல் நிற்கிறது என்று விளக்குவதோடு பிசிக்ஸ் 1 விட்டுவிடும். சி-யில் அதற்கு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எழுதி, தீர்த்து, எந்த நொடியில் எந்த வேகம் என்று காட்ட வேண்டும். இன்ஜினியரிங் கல்லூரி கேட்பது இந்த இரண்டாவது வகை இயற்பியல். அதனால்தான் பிசிக்ஸ் 1-ல் 5 வாங்கினாலும் பெரும்பாலான இடங்களில் அது இன்ஜினியரிங்குக்கான இயற்பியல் பாடத்தை ஈடுகட்டாது, போனால் ஏதோ எலெக்டிவ் கிரெடிட்டாகப் போகும், அதாவது விருப்பப் பாடம் ஒன்றைக் கல்லூரியில் படித்ததாகக் கணக்கு வைப்பார்கள். அப்படியானால் 1 வேண்டாமா? வேண்டும் என்பேன். பதினொன்றாவதில் 1, பன்னிரண்டாவதில் சி என்பது நல்ல வரிசை, ஏனென்றால் விசைப்படம் வரையவே தெரியாமல் சி-யில் உட்கார்ந்தால் கால்குலஸ் தெரிந்தும் பிரயோஜனமில்லை. பிசியையும் சி-யையும் ஒரே வருஷத்தில் எடுக்கலாமா என்றால், மெக்கானிக்ஸ் தாங்கும், அதற்கு ஆரம்பத்தில் எளிய டெரிவேட்டிவ் போதும். மின்காந்தவியல்தான் கஷ்டம், காஸ் விதி வரும்போது இன்டெக்ரல் கைப்பழக்கமாகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, சீனியர்களிடம் பழைய கைடு வாங்கும்போது கவனம். 2024-25 கல்வியாண்டிலிருந்து பாய்மங்கள் பிசிக்ஸ் 2-லிருந்து 1-க்கு வந்துவிட்டது, சி தேர்வுகளும் 2025 முதல் ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாகிவிட்டன.

வேதியியல் ஏபி, கெமிக்கல் அல்லது மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் பக்கம் போகிறவர்களுக்கு அவசியம், மற்றவர்களுக்கு நல்லது. கம்ப்யூட்டர் சயின்ஸில் இரண்டு ஏபி: ஏ என்பது ஜாவா மொழியில் நிஜமாக நிரல் எழுதுவது, பிரின்சிபிள்ஸ் என்பது அறிமுகம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஏ.

பெற்றோர் அடிக்கடி கலந்துவிடுவது அட்மிஷனையும் கிரெடிட்டையும். பன்னிரண்டாவதில் எழுதுகிற ஏபி தேர்வு மே மாதம், மதிப்பெண் ஜூலையில், அதற்குள் எங்கே சேர்வது என்பது முடிவாகியிருக்கும். எனவே அட்மிஷனுக்கு அந்த வகுப்பு பட்டியலில் இருப்பதும் அரையாண்டு கிரேடும்தான் பயன்படும், தேர்வு மதிப்பெண் கிரெடிட்டுக்கு மட்டும். அந்தக் கிரெடிட்டும் இடத்துக்கு இடம் மாறும்: எம்ஐடியில் பிசியில் 5 இருந்தால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட், கால்டெக்கில் எந்த ஏபிக்கும் கிரெடிட் கிடையாது. ஆனால் கால்டெக் சேர நினைக்கிறவள் கால்குலஸைத் தொடாமல் விண்ணப்பிக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

டூயல் என்ரோல்மென்ட் பற்றியும் கேட்பார்கள், அதாவது பள்ளியில் இருந்துகொண்டே கம்யூனிட்டி காலேஜில் பாடம் படிப்பது. அதே மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் இது பல இடங்களில் ஏபியை விட லாபம், ஒரு நாள் தேர்வை நம்பியிருக்க வேண்டியதில்லை. தனியார் கல்லூரிகள் பல, ஹைஸ்கூல் பட்டத்துக்கும் எண்ணப்பட்ட பாடத்துக்குக் கிரெடிட் தராது. ஏபியில் 2 வந்தால் அதைக் கல்லூரிக்குச் சொல்லாமலே விடலாம், கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய சி கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். பதியும்போது பாடத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கம்யூனிட்டி காலேஜ்களில் அல்ஜீப்ரா இயற்பியல், கால்குலஸ் இயற்பியல் என்று இரண்டும் நடக்கும், பெயரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முன்தகுதியாகக் கால்குலஸ் கேட்கிற பாடத்தில்தான் சேர வேண்டும்.