எட்டு ஆண்டு ஓட்டிய காரும் ஓயாத ஹெட்லைட் வழக்கும்

திருமங்கலத்து நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும் அதே மாடல் காரைப் பழையதாக வாங்கலாமா என்று கேட்கிறார். மைலேஜும் என்ஜினும் எப்படி என்பது ஊரறிந்தது. சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுகூட ஏசியை அணைக்க நேர்ந்ததில்லை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, இந்த வண்டியில் எனக்கு ஓயாமல் எரிச்சலூட்டும் ஹெட்லைட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஹெட்லைட் மங்குவது ஓட்டுகிறவருக்கு எளிதில் தெரியாது. சிறிது சிறிதாக மங்குவதால் கண் அதற்குப் பழகிவிடுகிறது. ஊருக்குள் தெருவிளக்கே போதுமானதாகவும் இருக்கிறது. அழகர்கோவில் சாலையில் ஊர் எல்லை தாண்டிய பிறகு, சாலையோர வெள்ளைக் கோடு முன்பு தெரிந்த தூரத்துக்குத் தெரியவில்லை என்றாலோ, டிம்மில் ஓட்ட முடியாமல் கை அடிக்கடி பிரைட்டுக்குப் போகிறது என்றாலோ, விளக்கைச் சோதிக்க வேண்டும்.

என் வண்டி அந்த நிலைக்கு வந்தபோது, சர்வீஸ் நிலையத்தில் இரு பக்கமும் விளக்கின் முழுத் தொகுதியான ஹெட்லைட் அசெம்பிளியையே மாற்றச் சொன்னார்கள். கழற்றிக்கூடப் பார்க்காமல் சொன்னதுதான் என் கோபம். நியாயமாகப் பேசினால், வெளிக்கூடு மஞ்சளித்திருந்தது உண்மை. பாலிகார்பனேட் கூட்டின் மேலுள்ள காப்புப் பூச்சைப் புற ஊதாக் கதிர் அரிக்கும்போது மஞ்சள் படர்கிறது. வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு மதுரை வெயிலில் இது தப்பாது. ஆனால் மஞ்சள் வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால், வாட்டர் பேப்பர் என்னும் நுண்ணிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்துக் காப்புப் பூச்சைப் புதிதாக அடித்தாலே போதும். பற்பசையால் தேய்த்தால் பளபளப்பு வரும். காப்பு வராததால் மஞ்சளும் விரைவில் திரும்பி வரும்.

தேய்த்த பிறகும் இடப்பக்கம் மங்கலாகவே இருந்தது. தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், என்ஜினை ஓடவிட்டு, மீட்டரைப் பேட்டரியிலும் பல்பு சாக்கெட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "பல்பு நல்லாத்தாண்ணே இருக்கு, எர்த்துதான் சரியில்ல" என்றார். எர்த் என்பது, மின்சாரம் வண்டியின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, சாக்கெட்டுக்கு 12-கூட வந்து சேரவில்லை. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். அவர் துருவேறிய எர்த் போல்ட்டைச் சுரண்டி, பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேரே மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே வைத்துத் தடித்த ஒயர் இழுத்ததும், அதே 60/55 வாட் (பிரைட்/டிம்) பல்பு, வண்டி புதிதாக இருந்தபோதும் நான் காணாத வெளிச்சத்தைத் தந்தது. இத்தனை ஆண்டுகளில் இந்தக் கார் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய மகிழ்ச்சி, அதைத் தயாரித்தவர்கள் செய்யாத வேலையால் வந்தது.

இதற்குப் பதிலாக எல்இடி பல்பைச் செருகச் சொன்னவர்களும் உண்டு. ஹாலஜன் விளக்கில் பல்பின் ஒளியை முன்னே திருப்பும் பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டர், பல்பின் டங்ஸ்டன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் மாறினால் பம்பருக்கு முன்னால் பளீரென்று இருக்கும், தொலைவு தெரியாது, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். நத்தம் சாலையில் அப்படி வருகிறவர்கள் ஏற்கெனவே போதிய அளவில் இருக்கிறார்கள்.

மாற்றியே தீர வேண்டிய நிலையும் உண்டு. மழைக்காலத்தில் கூட்டுக்குள் மெல்லிய ஆவி படிந்து, விளக்கு எரிந்த சற்று நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. தண்ணீரே தேங்கி நின்றால் சீல் போய்விட்டது என்று பொருள். அந்த ஈரத்தில் ரிஃப்ளெக்டரின் பூச்சு உரிந்துவிட்டால் எந்தப் பல்பும் உதவாது, அசெம்பிளியை மாற்றத்தான் வேண்டும். பல்பின் குமிழ் மட்டும் கறுத்திருந்தால், குமிழில் விரல் படாமல், இரு பக்கமும் சேர்த்துப் பல்பை மாற்றினால் போதும்.

மாற்றினால் போதும் என்று எழுதுவது எளிது. இந்த மாடலில் பேட்டரியை இறக்காமல் இடப்பக்கப் பல்பைத் தொட முடியாது. இப்படி வடிவமைத்தவர், இரவில் உசிலம்பட்டி சாலையோரம் நின்று அதை ஒருமுறையாவது மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

நண்பர் வண்டி பார்க்க இருட்டிய பிறகு போகட்டும். சமதரையில் சுவருக்கு எதிரே நிறுத்தி டிம்மைப் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு இரு விளக்குக்கும் ஒரே உயரத்தில் அமைந்து, இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், வாங்க வேண்டாம் என்பேன். என் வண்டியைக் கேட்டால், அது விற்பனைக்கு இல்லை.