வளைந்த முன்குறி: ஏற்காட்டில் ஓர் ஏர் பிஸ்டலுடன் மூன்று ஆண்டுகள்

என் ஏர் பிஸ்டலின் முன்குறியை மாற்றி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஃப்ரண்ட் சைட் என்றுதான் சுடுதளத்தில் எல்லோரும் சொல்வோம். இங்கே முன்குறி, பின்குறி என்றே எழுதுகிறேன்: குழாயின் முனையில் நிற்பது முன்குறி; கண்ணுக்குப் பக்கத்தில், நடுவில் பள்ளம் வெட்டியிருப்பது பின்குறி. அந்தப் பள்ளத்தின் நடுவே முன்குறியை நிறுத்தி, மேல் விளிம்புகளை மட்டம் பிடித்துச் சுடுவோம். மாற்றுவதற்கு முன் பட்ட பாடும், மாற்றிய பிறகு இந்த மலைக்காற்றில் அது உழைத்த விதமும் இரண்டுமே சொல்லத் தக்கவை. குறிப்பாக, துப்பாக்கி கீழே விழுந்த மறுநாளே பின்குறியின் திருகைத் திருப்பத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அதைத்தான் செய்தேன். அதில் மூன்று மாதப் பயிற்சி வீணானது.

என்னுடையது 10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. பெல்லட் என்கிற சிறு ஈயக் குண்டு, உருளையில் அடைத்த காற்று. முன்குறி என்பது சுடுபவரை நோக்கி நிற்கும் 4.5 மி.மீ. அகலமான ஓர் எஃகுத் தகடு. அதன் அடியில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. அந்த நாக்கு ஒரு பள்ளத்தில் இறங்கி ஒற்றைத் திருகால் இறுகிக்கொள்ளும். காப்பி எஸ்டேட் கிடங்கில் மேசை மீது வைத்திருந்தபோது என் முழங்கை பட்டுத் துப்பாக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது. குழாயின் முனை பக்கவாட்டாக மோதியது. எடுத்துப் பார்த்தபோது சிறு கீறலைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை சுட்ட பத்துக் குண்டுகளும் மையத்திலிருந்து சுமார் 12 மி.மீ. இடப்பக்கம் விழுந்தன. இந்த இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ. இடைவெளி. ஆகவே ஒன்றரை வளையம் தள்ளிப் போகிறது. பின்குறியை வலப்பக்கம் சில கிளிக் (திருகின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) நகர்த்தினேன். குழு, அதாவது குண்டுத் துளைகளின் கூட்டம், மையத்துக்கு வந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

சரியாகவில்லை. முன்பு ஒரு ரூபாய் நாணயத்தால் மூடக்கூடிய அளவில் விழுந்த குழு, மேலும் கீழுமாக நீளத் தொடங்கியது. மூச்சைக் குறை சொன்னேன், தோளைக் குறை சொன்னேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய கண்ணையும் குறை சொல்லி, சேலத்துக்கு இறங்கிக் கண் பரிசோதனைகூடச் செய்துகொண்டேன். கையை நீட்டிப் பிடித்தால் முன்குறி கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும்; அந்தத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி வாங்கினேன். அது வேறு வகையில் உதவியது என்பதை மறுக்கவில்லை. நீளவாக்குச் சிதறல் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் ஒருநாள் துப்பாக்கியைத் தாங்கியில் நிறுத்தி, பின்குறியின் பள்ளத்தின் வழியே முன்குறியைக் கைபேசிக் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நான்கு பாகைக்கும் குறைவு.

கணக்கைப் பாருங்கள். என் துப்பாக்கியில் இரு குறிகளுக்கும் இடையே 330 மி.மீ. இலக்கு 10,000 மி.மீ. தூரத்தில். ஆக, முன்குறியில் நேரும் எந்தப் பிழையும் இலக்கில் முப்பது மடங்காகும். நுனி 0.4 மி.மீ. வலப்பக்கம் சாய்ந்தால், அதைப் பின்குறிப் பள்ளத்தின் நடுவில் வைக்கக் குழாயை நாம் இடப்பக்கம் கொண்டுபோகிறோம். குண்டு 12 மி.மீ. இடப்பக்கம் போகிறது. இதைப் பின்குறி ஈடுகட்டிவிடும். ஆனால் தகடு சாய்ந்தால் அதன் மேல் விளிம்பும் சாய்கிறதே! ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் உயரத்தில் 0.3 மி.மீ. வேறுபாடு. ஒரு முறை கண் இட மூலையைப் பின்குறியோடு மட்டம் பிடிக்கிறது, மறுமுறை வல மூலையை. இலக்கில் அது 9 மி.மீ. ஒரு முழு வளையத்துக்கும் மேல். இதை எந்தப் பின்குறியாலும் திருத்த முடியாது. இதைவிடக் கெட்டது, களைத்துப்போகும்போது கண் அந்தச் சாய்ந்த விளிம்பைக் கிடைமட்டமாக்க முயன்று மணிக்கட்டையே சாய்க்கப் பழகிவிடுகிறது. முன்குறியை மாற்றிய பிறகும் அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போக ஆறு வாரம் ஆயிற்று.

முதலில் நிமிர்த்திப் பார்த்தேன். பெல்லட் இல்லை என்பதை உறுதிசெய்து, குழாய் காலி என்று காட்டும் பாதுகாப்பு நாடாவை அதில் செருகி, காற்று உருளையையும் கழற்றிவிட்டுத் தகட்டைத் தனியே எடுத்தேன். செப்புத் தகடு சுற்றிய இடுக்கியால் மெல்ல வளைத்தேன். நிமிர்ந்தது. இரண்டாம் நாள் நாக்கின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. நாலாம் நாள் தகடு கையோடு வந்துவிட்டது. வளைந்த கடின எஃகைக் குளிர்ந்த நிலையில் மறுபடி வளைத்தால் அது இப்படித்தான் பழிவாங்கும். எனவே நிமிர்த்த வேண்டாம், மாற்றுங்கள்.

அசல் பாகம் வர மாதக்கணக்காகும் என்று வாங்கிய கடையில் சொல்லிவிட்டார்கள். சேலத்தில் இருக்கிறவனுக்கு ஒரு பெரும் பேறு உண்டு: செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கண்ணியாக அறுத்து அரம் போடுகிற கைகளுக்கு, பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயமே அல்ல. அங்கே பழக்கமான பட்டறை அண்ணன் ஒருவர் உடைந்த இரு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது எதற்கு, தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் மேல் விளிம்பு முக்கியம். முகத்தை நேராக விடலாமா, முன்னால் கொஞ்சம் சாய்க்கலாமா?" என்றார். துப்பாக்கியைத் தொட்டறியாத ஒருவர் கேட்ட கேள்வி அது. கண்ணை நோக்கும் முகம் மேல்நோக்கிச் சாய்ந்தால் விளக்கொளியை வாங்கி மின்னும்; நேராகவோ கண்ணை நோக்கிச் சற்றுக் கவிந்தோ நின்றால்தான் கறுப்பாகத் தெரியும். அதை அவர் தம் தொழிலிலிருந்தே அறிந்திருந்தார்.

முதல் தகட்டைத் துருப்பிடிக்காத எஃகில் செய்தார். சேலம் உருக்காலையின் ஊரல்லவா, அந்த எஃகின் மேல் எனக்கு ஒரு பாசம். அளவு அச்சாக இருந்தது. ஆனால் கறுப்பேற்றும் சாதாரண ரசாயனம் எதுவும் அந்த எஃகில் பிடிக்காது. காலையில் கிடங்கின் இடப்பக்க ஜன்னலிலிருந்து ஒளி வரும். தகட்டின் இட விளிம்பு மின்னும். மின்னும் விளிம்பைக் கண் குறியின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. மிச்சமுள்ள கறுப்பை நடுவில் வைத்தேன். குண்டுகள் ஜன்னல் பக்கம் நகர்ந்தன. மாலையில் சரியாக இருந்தன. அம்மா காலத்தில் கற்பூரப் புகையில் மை எடுப்பது நினைவுக்கு வந்தது. தகட்டைக் கழற்றிக் கற்பூரச் சுடருக்கு மேலே இடுக்கியில் பிடித்தேன். வெல்வெட் போன்ற கறுப்பு, ஒரு துளி மின்னல் இல்லை. குறி இவ்வளவு தெளிவாக நான் அதுவரை பார்த்ததில்லை. துப்பாக்கியில் மாட்டியபடியே யாரும் இதைச் செய்யாதீர்கள். பக்கத்திலேயே அழுத்தக் காற்று உருளை இருக்கிறது. புகைக் கறுப்பின் குறை ஒன்றுதான்: பெட்டியின் பஞ்சு பட்டாலே அழிந்துவிடும். ஒவ்வொரு நாளும் பூச வேண்டும்.

இரண்டாவது தகடு சாதாரண இரும்பு. காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கறுப்பேற்றித் தந்தார். ஐந்து மாதம் அதில்தான் சுட்டேன். ஐப்பசியில் மலையில் மூடுபனி இறங்கியதும் விளிம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தன. எண்ணெய் தடவினால் துரு நிற்கும், ஆனால் எண்ணெயே மின்னும். துடைத்துவிட்டுச் சுட்டு, மறுபடி தடவி வைக்க வேண்டியிருந்தது.

பிறகு அசல் பாகம் வந்தது. வெர்னியர் காலிப்பர் என்ற நுண் அளவுகோலில் அதன் அகலம் 4.48 மி.மீ. உயரம் என் இரும்புத் தகட்டைவிட 0.2 மி.மீ. அதிகம், எதிர்பார்த்தபடியே குண்டுகள் 6 மி.மீ. கீழே விழுந்தன, பின்குறியை மூன்று கிளிக் உயர்த்தினேன். கறுப்புப் பூச்சு மூன்று மழைக்காலங்களைத் தாங்கியிருக்கிறது. இட மூலையில் மட்டும் ஊசிமுனை அளவு வெளுத்திருக்கிறது. போட்டி நாட்களில் அங்கே கற்பூரம்தான்.

இந்த மூன்று ஆண்டில் தொல்லை தந்தது தகடு அல்ல, திருகு. சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஸ்கூட்டரின் அதிர்வில் இரண்டு முறை திருகு தளர்ந்தது. இப்போது திருகின் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் சுடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். திருகைப் பிடித்து வைக்கும் பசை போடுவதானால் வலுக்குறைந்த வகையைப் போடுங்கள். வலுவானதைப் போட்டால் அடுத்த முறை கழற்றும்போது திருகின் தலை தேய்ந்துவிடும்.

எஸ்டேட் நண்பர்கள் சிலர் தங்கள் உரிமம் பெற்ற ரிவால்வரின் முன்குறியையும் அந்தப் பட்டறையில் செய்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிடம்தான் கொடுக்க வேண்டும். 0.177 அங்குலத் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு விதிகள் உரிமம் கேட்பதில்லை. என்னுடையது ஏறத்தாழ 6 ஜூல்தான். அந்த அண்ணனை வம்பில் மாட்டிவிட எனக்கு மனமில்லை என்பதையும் அவர்களிடம் சொன்னேன்.

மாற்றுப் பாகம் ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நிமிடங்கள் கரைந்ததைப் பார்த்தபோது என் வயிறு பிசைந்தது. அதே பிரிவில் 2024இல் பாரிஸில் அவர் வெண்கலம் வாங்கியபோது கிடங்கில் தனியாக நின்று கை தட்டினேன். என் பெட்டியின் மூலையில் அண்ணன் செய்த இரும்புத் தகடு எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. போன வாரம் எடுத்துத் துடைத்து, மாட்டி இருபது குண்டு சுட்டேன். பின்குறியை மூன்று கிளிக் இறக்கியதும் எல்லாம் இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே விழுந்தன.