சுமையைக் கேட்பதா, குறையைக் கேட்பதா? மூளைக் காயமடைந்தவரின் குடும்பத்துக்கு மூன்று வினாத்தாள்கள்

மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவரைக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காப்பாற்றி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் குடும்பத்தின் பாடு தொடங்குகிறது. நடக்கிறார், பேசுகிறார். ஆனால் சற்று முன் சாப்பிட்டது நினைவில் இல்லை. சின்ன விஷயத்துக்கும் கோபம் வெடிக்கிறது. வேலைக்குப் போக முடியவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கோ மனைவிக்கோ என்ன தேவை என்று தெரிந்துகொள்ள மூன்று வினாத்தாள்கள் கைவசம் உள்ளன. மூன்றும் ஒன்றையே அளப்பதில்லை.

ஆகச் சிறியது 1983இல் வந்த பராமரிப்பாளர் அழுத்தச் சுட்டி. 13 கேள்விகள், ஆம் அல்லது இல்லை. 7 அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ வந்தால் அழுத்தம் அதிகம். கிளினிக் வரிசையில் நிற்கும்போதே முடித்துவிடலாம். யாரை முதலில் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று அது சொல்லிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஸாரிட் சுமை நேர்காணல் இதைவிட ஆழமானது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, அதிகபட்சம் 88. எண் கூடக்கூடச் சுமையும் அதிகம். உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துவதால் முடிவுகளை மற்ற நாடுகளோடு ஒப்பிடலாம். ஆனால் இது மறதிநோய் வந்த முதியவர்களைப் பராமரிப்போரை மனதில் வைத்து உருவானது. நம் வீடுகளில் அடிபட்டவர் பெரும்பாலும் உழைத்துக்கொண்டிருந்த இளைஞர். இன்னொரு சிக்கலும் உண்டு. “அவருடைய நடத்தையால் உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதா?” என்று அது கேட்கிறது. பக்கத்தில் மாமியார் இருக்கும்போது எந்த மருமகள் ஆம் என்பாள்? அவள் 0 போட்டால் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேட்ட இடம்தான் பிழை.

மூன்றாவது, குடும்பத் தேவைகள் வினாத்தாள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிரூட்சர் குழுவினர் மூளைக் காயக் குடும்பங்களுக்கென்றே உருவாக்கியது. 40 தேவைகள், திருத்திய வடிவத்தில் 37. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில்கள்: இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், இது கிடைத்ததா, பாதி கிடைத்ததா, கிடைக்கவே இல்லையா. மருத்துவத் தகவல், மன ஆதரவு, வீட்டு வேலையில் உதவி, தொழில்முறை உதவி, சுற்றத்தாரின் துணை, சிகிச்சை முடிவுகளில் பங்கு என்று ஆறு பக்கமும் கேட்கிறது.

என் ஓட்டு இதற்குத்தான். காரணம் அந்த இரண்டாவது பதில். “எனக்குப் புரியும் விதத்தில் விளக்கம் சொல்ல வேண்டும்” என்பது அதிலுள்ள தேவைகளில் ஒன்று. ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நோய் விவரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில், வார்ட்டில் பேச்சு சிங்களத்தில். அவர் ‘மிக முக்கியம், கிடைக்கவில்லை’ என்று குறித்தால், தமிழ் பேசும் ஒரு தாதியைப் பத்து நிமிடம் கூட்டிவந்தாலே அந்தக் குறை தீரும். ஸாரிட்டில் 60 வந்தது என்றால் யார் எதைச் செய்வது?

நீளம் இதன் குறைதான். களைத்திருப்பவரிடம் ஒரே மூச்சில் கேட்க முடியாது. இரண்டு தடவையாகப் பிரிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உளவள ஆலோசகரையோ, நினைவாற்றல் பயிற்சி தருபவரையோ பார்த்தே இராத குடும்பம் அதை ‘முக்கியமில்லை’ என்று தள்ளிவிடும். அப்படி ஒரு உதவி இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அப்புறம், அம்மாவையும் மனைவியையும் தனித்தனியாகக் கேளுங்கள். அம்மாவுக்கு மகன் பழையபடி ஆவானா என்பது பெரிது. மனைவிக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பெரிது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இருவரும் காணாமல் போவார்கள்.

நேரம் இல்லாத கிளினிக்கில் 13 கேள்விகள் போதும். ஆய்வு செய்பவருக்கு ஸாரிட் சரி. ஒரு குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால் தேவைகள் வினாத்தாளைத் துண்டு வெட்டும் நேரத்தில் ஒருமுறையும், வீட்டில் சில மாதங்கள் போன பிறகு மறுமுறையும் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் தேடுவது மருத்துவத் தகவல். பிறகு தூக்கம், பணம், வராமல் போன நண்பர்கள் என்று தேவை மாறுகிறது. நிரப்பிய தாளின் பிரதி ஒன்றை டயக்னோசிஸ் கார்ட் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். ராகமைக்குப் புனர்வாழ்வு சிகிச்சைக்குப் போகும்போது அங்குள்ளவர்களும் அதைப் பார்க்கட்டும்.