அவுட்போர்டு தாங்கு கம்பி: சின்னப் பாய்மரப் படகுக்கு வாங்கலாமா?

அவுட்போர்டை, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டாரை, கழற்றாமலே படகை டிரெய்லரில் இழுத்துப் போகிறவர்களுக்கான கம்பி இது. ஒரு முனை டிரெய்லரின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் மாட்டும். மறுமுனையில் உள்ள ‘வி’ வடிவ ரப்பர், தூக்கி நிறுத்திய மோட்டாரின் காலை (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை) தாங்கும். பள்ளத்தில் விழும் அடியைப் படகின் பின்பலகை வாங்காமல் டிரெய்லர் சட்டம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். மோட்டாரைத் தூக்கிய நிலையில் நிறுத்த அதிலேயே இருக்கும் டில்ட் பூட்டு சாலைக்கு ஆகாது. குலுக்கலில் அது உடையும், இல்லை நழுவும்.

மோட்டார் நேராகப் பின்பலகையில் பூட்டியிருந்தால் கம்பி நன்றாகவே உழைக்கும். ஆனால் முதலில் படகின் பின்புறத்தை ராட்செட் பெல்ட் போட்டு டிரெய்லரோடு இறுக்க வேண்டும். பெல்ட் தளர்ந்தால் படகு எழும்பி இறங்கும், கம்பி அசையாது. ஒவ்வொரு குலுக்கலிலும் அது மோட்டாரைக் கீழிருந்து இடிக்கும். அந்த இடி நேராகப் பின்பலகைக்குத்தான் போகும்.

ஏற்றி இறக்கும் ஸ்பிரிங் பிராக்கெட்டில் மோட்டார் தொங்குகிறதா? வாங்கவே வேண்டாம். கம்பி காலைத் தாங்கினாலும் பிராக்கெட்டின் மூட்டுகள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். போல்ட் துளைகள் அகன்று, பலகைக்குள் தண்ணீர் இறங்கும்.

எடைச் சமநிலையையும் கம்பி சரிசெய்யாது. டிரெய்லரின் சக்கர அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 25 கிலோ மோட்டார், அச்சிலிருந்து ஹிட்ச் (டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு கோர்க்கும் இடம்) 3.5 மீட்டர் என்றால், ஹிட்ச் மேல் விழும் எடையில் சுமார் 14 கிலோ குறைந்துவிடும். 500 கிலோ டிரெய்லரில் 50 கிலோவாக இருந்தது 36 ஆகிவிடும். வேகம் எடுத்தால் வண்டி வாலாட்டத் தொடங்க இது போதும். நங்கூரம், பேட்டரியை முன்னால் தள்ளி ஈடுகட்டுங்கள்.

ஒருவரே தூக்கக்கூடிய மோட்டாருக்கு எங்கள் தீர்ப்பு: கம்பிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரை, கையேடு சொல்லும் பக்கமாக மட்டுமே படுக்க வையுங்கள். மாற்றிப் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போகும்.

கழற்ற முடியாதவர்கள் மோட்டாரைப் பின்பலகையோடு பிடித்து வைக்கும் இரண்டு பிடி திருகுகளையும் கையால் இறுக்கி, கைப்பிடிகளை ஒன்றோடொன்று கட்டுங்கள். அதிர்வில் முதலில் தளர்வது அவைதான். தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பிவடம் போட்டு, மோட்டார் பக்கவாட்டில் திரும்பாதபடி ஸ்டீயரிங் இறுக்கத்தையும் கூட்டுங்கள். சுக்கானைக் கழற்றிப் படகுக்குள் வையுங்கள். கிளம்பிய 15 நிமிடத்தில் நிறுத்தி, பெல்ட்டையும் திருகுகளையும் மறுபடி இறுக்குங்கள். பின்விளக்குகளை மோட்டார் மறைக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.