ஸ்ட்ராண்ட் மேகசின், 4ஆம் தொகுதி: வாங்கலாமா, ஸ்கேன் போதுமா?

லண்டனில் பதிப்பாளர் ஜார்ஜ் நியூன்ஸ் 1891 ஜனவரியில் தொடங்கிய மாத இதழான ஸ்ட்ராண்ட் மேகசினை இன்று தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஷெர்லாக் ஹோம்ஸுக்காகத்தான் தேடுவார்கள். அன்று ஆறு பென்ஸ் கொடுத்து வாங்கியவர்களுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது: பெரிய மனிதர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது. அந்தப் பக்கங்கள்தான் வேண்டும், ஒரே ஒரு தொகுதிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எங்கள் தேர்வு 4ஆம் தொகுதி. 1892 ஜூலை முதல் டிசம்பர் வரை வந்த ஆறு இதழ்கள் இதில் அடக்கம். ஹோம்ஸ் கதை ஒன்றே ஒன்று, டிசம்பரில் வந்த 'சில்வர் பிளேஸ்'. 2, 3, 5, 6ஆம் தொகுதிகளில் கதைகள் வரிசையாக இருக்கின்றன; அவற்றின் விலையையே விற்பவர் இதற்கும் சொன்னால் தாராளமாகப் பேரம் பேசலாம்.

முதலில் பார்க்க வேண்டியது 182ஆம் பக்கம். பேட்டி எழுத்தாளர் ஹாரி ஹவ், ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் வீட்டுக்கு, லண்டனின் சவுத் நார்வுட் பகுதிக்குப் போய் எழுதியது. டாயிலும் மனைவியும் இருவர் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளில் இருக்கும் படம் இங்கேதான் வந்தது. ஹோம்ஸுக்கு முன்மாதிரியான எடின்பரோ மருத்துவர் ஜோசப் பெல்லின் கடிதமும் கட்டுரையிலேயே சேர்ந்திருக்கிறது. ஹவ்வின் மற்ற பேட்டிகள் 'இல்லஸ்ட்ரேட்டட் இன்டர்வியூஸ்' என்ற தொடரில் வந்தவை. 1891 ஜூலையில் கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர் கார்டினல் மானிங்கோடு தொடங்கியது அது. நடை எல்லாவற்றிலும் ஒன்றுதான். கூடம், படிப்பறை, சுவரில் மாட்டிய படங்கள் என்று சுற்றிக் காட்டி முடித்த பிறகுதான் பேச்சு. சங்கடமான கேள்வி ஒன்றுகூட வராது. விருந்தாளி வீட்டுக்காரரைப் புகழ்வது போலத்தான் இருக்கும். ஒருவரின் குணத்தைத் தெரிந்துகொள்ள இது உதவாது. அறையில் என்ன பொருள் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

எங்களுக்கு அதைவிடப் பிடித்தது 'வாழ்வின் வெவ்வேறு பருவங்களில் பிரபலங்கள்' என்ற படத்தொடர். ஸ்ட்ராண்டின் முதல் இதழிலேயே கவிஞர் டென்னிசனை வைத்து ஆரம்பித்தது. ஒருவருடைய நான்கைந்து படங்கள், ஒவ்வொன்றின் கீழும் வயது, கடைசிப் படத்துக்கு 'இன்று' என்ற குறிப்பு, நாலு வரி வாழ்க்கைக் குறிப்பு. அவ்வளவுதான். சலிக்காமல் புரட்டலாம்.

செப்டம்பர் இதழில், 223ஆம் பக்கத்தில், விக்டோரியா அரசியின் பொம்மைகள். மொத்தம் 132 மரப்பொம்மைகள். அவற்றில் 32க்கு அரசியே சிறுமியாக இருந்தபோது உடை தைத்தார். டிசம்பர் இதழில், அரசி இந்துஸ்தானி கற்றபோது எழுதிய நாட்குறிப்பு பற்றிய கட்டுரை, ரஃபியுதீன் அகமது எழுதியது. அரசியின் கையால் எழுதிய உருது வரிகளை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. நீலத் துணி அட்டையில் ஸ்ட்ராண்ட் தெருவின் காட்சி பதித்திருக்கும். உள்ளே 650 பக்கத்துக்கு மேல். இந்தக் கனத்தைத் தாங்க முடியாமல் அட்டையும் உள்கட்டும் சேரும் மடிப்பு கிழிவதுதான் இந்தத் தொகுதிகளின் முதல் வியாதி. வெளிப் படம் அழகாக இருப்பதைப் பார்த்துப் பணம் அனுப்பிவிட வேண்டாம். முன் அட்டையையும் பின் அட்டையையும் முழுக்கத் திறந்து எடுத்த படம், முதுகின் மேல்முனைப் படம், பிறகு 182, 223, 645ஆம் பக்கங்களின் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். 645இல் 'சில்வர் பிளேஸ்' தொடங்குகிறது. படத்துக்காகப் பக்கத்தை வெட்டி எடுப்பவர்கள் முதலில் கை வைக்கும் இடம் அது. கடைசியில் பொருளடைவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழுப்புப் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நனைந்து காய்ந்த பிரதி வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்தால் படம் உரிந்து வரும்.

பைண்டு செய்யும்போது மாத அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கழற்றிவிடுவது வழக்கம். அதனால் ஒரு கட்டுரை எந்த மாதத்தது என்று பக்கத்தைப் பார்த்தவுடன் தெரியாது. பக்க எண்ணை வைத்துக் கணக்கிட வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ 110 பக்கம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்: 182 என்றால் இரண்டாவது இதழ், அதாவது ஆகஸ்ட். ஒற்றைப்படைத் தொகுதி ஜனவரி முதல் ஜூன், இரட்டைப்படை ஜூலை முதல் டிசம்பர்.

படிக்க மட்டும்தான் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவச ஸ்கேன் இருக்கிறது. அங்கே பிடிஎஃப் எடுத்தால் ஏமாற்றம்தான்: அதிகமாகச் சுருக்கியதில் புள்ளிகளால் ஆன அச்சுப் படங்களில் முகம் கறையாகிவிடும். பதிவிறக்கப் பட்டியலில் ஜேபி2 ஜிப் கோப்பை, அதாவது ஒவ்வொரு பக்கத்தையும் தனிப் படமாக வைத்த தொகுப்பை, எடுங்கள். கோப்பு பெரியது, ஆனால் கண் இமை வரை தெரியும். இரண்டு பத்தி அச்சு என்பதால் கணினி படித்து உருவாக்கிய தேடல் உரையில் படக்குறிப்புகள் வாக்கியத்தின் நடுவே புகுந்திருக்கும். மேற்கோள் எடுக்கும்போது பக்கத்தைப் பார்த்தே எடுங்கள்.

விசித்திர மனிதர்கள்தான் வேண்டும் என்பவர்களுக்கு 4ஆம் தொகுதி சப்பென்று இருக்கும். 1897இல், 13ஆம் தொகுதியில் தொடங்கும் 'சைடு-ஷோஸ்' தொடருக்குப் போங்கள். கண்காட்சிக் கூடாரத்து மனிதர்களைப் பற்றி வில்லியம் ஜி. ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியது. படங்கள் அபாரம், தகவலில் பாதி கூடாரக்காரரின் வியாபாரப் பேச்சு. அதே ஃபிட்ஸ்ஜெரால்ட் 1898இல் நியூன்ஸின் 'வைடு வேர்ல்டு' இதழுக்கு ஆசிரியரானார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்ததாக லூயி டி ரூஜ்மான் சொன்ன கதையை அவர் உண்மை என்றே அச்சிட, சில வாரங்களில் டெய்லி கிரானிக்கிள் நாளிதழ் அந்த ஆள் சுவிட்சர்லாந்துக்காரர் ஆன்ரி லூயி கிரான் என்று போட்டு உடைத்தது.