அசல் என்று விற்ற ஸ்லிங் ஸ்ட்ராப்: கேமராவைக் கீழே போட்டது எது?

மண்டபத்துக் கிரானைட் தரையில் விழுந்து மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) கோணிப்போன ஒரு கேமரா பாடி. அதை வைத்திருந்தவர் தோளில் ஸ்ட்ராப் அப்படியே இருந்தது. கேரபினர் என்ற கொக்கி பூட்டியபடி இருந்தது, அதில் ஒரு வளையம் மட்டும் தொங்கியது. கேமராவின் அடியில் திருகும் இறுக்கமாகவே இருந்தது, கையால் திருப்பினால் அசையவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஸ்விவல் என்ற சுழலும் இணைப்புதான் கழுத்தோடு முறிந்திருந்தது.

அந்த ஸ்ட்ராப்பை வாங்கியவர் கல்யாணப் போட்டோகிராபர். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம், பேர்பெற்ற கம்பெனியின் படங்களைப் போட்டு “ஒரிஜினல், ஸ்டாக் கிளியரன்ஸ்” என்று எழுதியிருந்த பக்கத்தில் 1,899 ரூபாய் கொடுத்து வாங்கியது. ஏழாவது வாரம் முறிந்தது. கேட்டபோது முதலில் வந்த பதில், “நீங்கள் சரியாக டைட் பண்ணியிருக்க மாட்டீர்கள்.” திருகு கேமராவிலேயே இறுக்கமாக நிற்கும் படத்தை அனுப்பியதும், “ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது.” விடாமல் கேட்டதும், “உடைந்த பாகத்தை அனுப்புங்கள், ஸ்ட்ராப் காசைத் திருப்பித் தருகிறோம்.” இந்த மூன்றாவது பதில்தான் இருப்பதிலேயே ஆபத்தானது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

முறிந்த முகத்தை லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் கதை முழுக்கத் தெரிகிறது. கற்கண்டை உடைத்தாற்போல் பொடிப்பொடியான சாம்பல் நிறம். நடுவில் குண்டூசி முனை போகிற அளவு இரண்டு குழிகள். ஓரத்தில் பிறைபோல ஒரு பகுதி மட்டும் கறுத்து, வேர்வை உப்புப் படிந்திருந்தது. அந்தக் கறுத்த பகுதி, கேமரா விழுவதற்குப் பல நாள் முன்பே விரிசல் விட்டுவிட்டது. மீதி இருந்த சாம்பல் பகுதிதான் கடைசி நாள் வரை தாங்கியது. நல்ல ஸ்டீல் ஓவர்லோடில் அறுந்தால் இழுபட்டு, கழுத்து மெலிந்துதான் அறும். இது துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி எடுத்து, மேலே குரோம் பூச்சுப் போட்ட சாமான். ஊற்றும்போது காற்று அடைபட்டு உண்டான குழிதான் அந்த இரண்டும்.

“காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அதனால் ஸ்டெயின்லெஸ்” என்று விற்பவர்கள் காட்டுவார்கள். நம்பவே நம்பாதீர்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் அனேகமாக ஒட்டாது என்பது சரி. துத்தநாகத்திலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. அதற்குப் பதிலாக ஸ்விவல் கழுத்தில் நகத்தை வைத்து நீளவாக்கில் தேயுங்கள். இரண்டு அச்சு சேர்ந்த கோடு நகத்தில் தட்டினால் வார்ப்புச் சாமான் என்று சந்தேகப்படலாம். பூச்சில் கொப்புளம்போல் எழும்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஸ்லிங் ஸ்ட்ராப் என்றால் கழுத்தில் மாட்டும் பட்டை அல்ல. இடது தோளில் போட்டு மார்புக்குக் குறுக்கே வந்து, வலது இடுப்பில் கேமரா தலைகீழாகத் தொங்கும். கண்ணுக்குத் தூக்கும்போது பட்டை நகராது, கேமராதான் பட்டைமேல் வழுக்கி மேலே வரும். இந்த வசதிக்காகத்தான் ஆறு மணிநேரம் ரிசப்ஷன் எடுப்பவர்கள் இதை வாங்குகிறார்கள். ஆனால் கழுத்துப் பட்டை பாடியின் இரண்டு காதையும் (பட்டை கோர்க்கும் பக்கவாட்டு வளையங்கள்) பிடித்துக்கொள்ளும். இதில் பிடிமானம் ஒன்றே ஒன்று, டிரைபாட் ஓட்டையில் போகும் கால் அங்குலத் திருகு. ஒரு அங்குலத்துக்கு 20 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.27 மி.மீ. கேமராவுக்குள் போவது 4.5 மி.மீ. என்று வைத்தால் மூன்றரைச் சுற்று. அந்த மூன்றரைச் சுற்றில்தான் உங்கள் பாடியும் லென்ஸும் தொங்குகின்றன. விற்பனைப் பக்கத்தில் பத்துப் படம் இருந்தால் எட்டு தோள்மெத்தையைக் காட்டும், திருகைக் காட்டுவது அபூர்வம்.

ஆகவே பார்சல் வந்ததும் மெத்தையை அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திருகை அளந்து பாருங்கள். வாஷர் முகத்திலிருந்து நுனிவரை 4.5 முதல் 5.5 மி.மீ. இருக்கவேண்டும். 5.5 மி.மீ.க்கும் நீளமான திருகு வேண்டாம் என்று சோனி தன் கையேடுகளிலேயே எச்சரிக்கிறது. மலிவுப் பட்டைகளில் ஆறு, ஏழு மி.மீ. திருகு வருகிறது. அது ஓட்டையின் அடியில் போய் முட்டியதும் கைக்கு “டைட்” ஆனதுபோலத் தெரியும், ஆனால் ரப்பர் வாஷர் அமுங்கியிருக்காது. வாஷர் அமுங்கினால்தான் அந்த உராய்வு திருகைத் திரும்பவிடாமல் பிடிக்கும். இல்லையென்றால் அரைமணி நடையில் இளகிவிடும். மாறாக, தடித்த ஸ்பாஞ்சு வாஷரும் குட்டைத் திருகுமாக வந்தால் இரண்டே சுற்றுதான் உள்ளே போகும், அதுவும் ஆகாது. சுற்றை எண்ணிக்கொண்டே மாட்டுங்கள். மூன்று முழுச் சுற்றாவது போகவேண்டும். இறுக்கியபின் விசிட்டிங் கார்டு ஓரத்தை வாஷருக்கும் பாடிக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள், எந்தப் பக்கத்திலும் நுழையக்கூடாது.

கையால் இறுக்கினால் போதும். பிளையர் போட்டு முறுக்கி, பாடியின் அடியிலுள்ள மரையையே பிடுங்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள். மரைப் பசை, நீலமோ சிவப்போ, எதையும் தடவாதீர்கள். அது கசிந்து பிளாஸ்டிக் அடிப்பகுதியில் பட்டால் முடிபோல் வெடிப்பு விடும்.

திருகு தானாகக் கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்விவல்தான், இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒவ்வொரு தடவை கேமராவைத் தூக்கி இறக்கும்போதும் அது கொஞ்சம் சுழலும். ஸ்விவல் லகுவாகச் சுற்றினால் அந்தச் சுழற்சி அங்கேயே முடிந்துவிடும். மணலும் வேர்வை உப்பும் ஏறி ஸ்விவல் இறுகிவிட்டால், அதே சுழற்சி திருகுக்குப் போகும்; இடப்பக்கம் சுழன்றால் கழற்றும். ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை தடவை தூக்கி இறக்குகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். கடற்கரை ஷூட் முடிந்த இரவே ஸ்விவலையும் கேரபினரையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட வேண்டும். விரலால் சுண்டினால் இரண்டு சுற்றாவது தானாக ஓடவேண்டும். ஓடாத ஸ்விவலை மாற்றிவிடுங்கள்.

திருகின் விளிம்பிலிருந்து பாடியில் ஒட்டிய ஒரு துண்டு டேப் வரைக்கும் நகப்பாலிஷால் ஒரே கோடு போட்டுவைப்பது நல்ல பழக்கம். பேட்டரி மாற்றும்போதெல்லாம் பார்வை அங்கே போகும். கோடு இரண்டாக விலகியிருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. சின்ன மிரர்லெஸ் பாடிகளில் திருகின் தலை பேட்டரி மூடியை மறைத்துவிடும் என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் கழற்றி மாட்டினால் ஏதோ ஒரு தடவை அவசரத்தில் அரைகுறையாக மாட்டிவிடுவோம்.

கேரபினருக்கு வருவோம். வெறும் ஸ்பிரிங் வாய் உள்ளது வேண்டாம். பெல்ட் பக்கிளிலோ பை ஜிப்பிலோ உரசினால் திறந்துகொள்ளும். மரை போட்டு மூடும் வாய் பரவாயில்லை, ஆனால் அந்த மரையும் அதிர்வில் இளகும். பிளாக்ராப்பிட் போன்ற கம்பெனிகள் கேரபினர் வாய்க்குமேல் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையையும் கொடுக்கின்றன. போலியில் உறை இருக்காது, இருந்தாலும் லொடலொடக்கும்.

நாடாவுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. நுனியில் மிச்சமிருக்கும் துண்டில் ஒரு அங்குலம் வெட்டி, தம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் எவ்வளவு பிசைந்தாலும் மிதக்கும். “மிலிட்டரி நைலான்” என்று விற்ற நம் ஸ்ட்ராப்பின் துண்டு மிதந்தது. பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். பகலெல்லாம் வெளியில் எடுப்பவருக்கு அது பொருந்தாது. தையலில், சுமை விழும் முனைகளில் பெட்டி போட்டுக் குறுக்கே பெருக்கல் குறித் தையலோ, நெருக்கமான பட்டைத் தையலோ இருக்கவேண்டும். ஒற்றை வரி ஓட்டுத் தையல் மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

“10 கிலோ தாங்கும்” என்ற வாசகத்துக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். அசையாமல் தொங்கும் எடை வேறு, மாடிப்படியில் ஓடும்போது விழும் குலுக்கல் வேறு. கேனன் 5டி மார்க் 4 பேட்டரியோடு சுமார் 890 கிராம். 70-200 எஃப்/2.8 மூன்றாம் பதிப்பு லென்ஸ் 1,480 கிராம். இரண்டும் சேர்ந்து 2.3 கிலோவைத் தாண்டுகிறது, எடை முழுக்க முன்பக்கம். இதைப் பாடியின் அடியில் மாட்டித் தொங்கவிட்டால் மவுண்டும் திருகும் சேர்ந்து வாங்கும். லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் காலர் வளையத்தின் காலில்தான் மாட்டவேண்டும். காலே கழற்றும் வகையாக இருந்தால் அதன் திருகையும் காலர் குமிழையும் சேர்த்துப் பாருங்கள், ஸ்ட்ராப் நன்றாக இருந்து கால் கழன்று விழுந்த கேமராக்களும் உண்டு.

எவ்வளவு நல்ல ஸ்ட்ராப் ஆனாலும் இரண்டாவது பிடிமானம் வேண்டும். பாடியின் வலது காதிலிருந்து ஒரு சின்னக் கயிறு, அதன் மறுமுனை நாடாவில் ஓடும் தனி வளையத்தில். ஸ்விவலிலோ அதே கேரபினரிலோ கட்டினால் அது உடையும்போது இதுவும் சேர்ந்துபோகும். தூக்கும்போது இழுபடாத அளவுக்கு ஒரு சாண் தளர்வு போதும். நீளமாக விட்டால் விழும் வேகம் கூடிக் காதையே பிடுங்கும். அந்தப் போட்டோகிராபருக்கு இந்தக் கயிறு இருந்திருந்தால் ஸ்விவல் முறிந்தபின்னும் கேமரா இடுப்போடு தொங்கியிருக்கும்.

பட்டையின் நீளம் வைக்கும்போது, கையைத் தொங்கவிட்டால் கேமராவின் கிரிப் உள்ளங்கைக்கு வரவேண்டும். அதற்குக் கீழே போனால் நாற்காலி முதுகில் இடிக்கும். நாடாவிலுள்ள பின்பக்க ஸ்டாப்பரை இறுக்கிவைத்தால் கேமரா முதுகுப்பக்கம் போகாது. குனியும்போது ஒரு கை கேமராமேல் இருக்கட்டும்.

இனி ஏமாந்தபின் செய்யவேண்டியது. பொட்டலத்தை எறியாதீர்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச விலை இவையெல்லாம் உறையில் அச்சாகியிருக்கவேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதி. நம் ஸ்ட்ராப் வந்தது வெறும் பிளாஸ்டிக் கவரில். அதுவே புகாருக்கு ஒரு சான்று. விற்பனைப் பக்கத்தை விலையோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், புகார் போனதும் பக்கம் மறைந்துவிடும். பில் கட்டாயம்.

முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவுசெய்யுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல்செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறையுள்ள பொருளால் உண்டான சேதத்துக்கும் இழப்பீடு கேட்க இடமிருக்கிறது. ஆகவே 1,899 ரூபாயோடு நிற்காமல் மவுண்ட் மாற்றிய செலவையும் சேர்த்துக் கேளுங்கள். “தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அந்த வரியைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

உடைந்த ஸ்விவலை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். காசு திருப்பித் தருவதாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டால் அந்தக் கறுத்த பிறையும் இரண்டு குழிகளும் அவர்கள் கைக்குப் போய்விடும். முறிந்த இரண்டு முகங்களையும் ஒட்டிப்பார்க்காமல், துடைக்காமல், எண்ணெய் போடாமல் தனித்தனிக் கவரில் போட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் மேக்ரோ லென்ஸால் இரண்டு முகத்தையும் எடுங்கள். அந்தப் படங்களை மட்டும் அனுப்புங்கள்.